கீழ்வீட்டுக்கு ஆள் பார்த்தோம்

சுவிஸில், பீல் நகரத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் இருக்கலாம். மேலே நானும் கணவரும் இருப்பது, கீழ்வீட்டை வாடகைக்கு விடுவது என்று ஏற்பாடு. வீட்டுக்காரர் ஆனதும் எங்களுக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பஸ்ஸில் முன்னால் இருப்பவரைப் பார்த்தாலும், இவருக்கு வீடு கொடுக்கலாமா என்று யோசித்தோம்.

முதல் ஆலோசனை நொஷாட்டல் நகரத்தில் இருக்கும் கணவரின் அண்ணையிடமிருந்து வந்தது. தொலைபேசியில் அவர் கதைத்தால் பக்கத்து அறைக்கும் கேட்கும்.

"தம்பி, சோஷலில இருக்கிறவைக்கு மட்டும் குடுத்துப் போடாதை. எங்கட தமிழ்ச் சனத்துக்கும் வேண்டாம்."

"அப்ப ஆருக்கண்ணை குடுக்கிறது?"

"நல்ல சம்பளம் எடுக்கிற சுவிஸ்காரனாப் பார்."

சோஷல் என்பது வருமானம் போதாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவி. வீட்டு வாடகையும் அதிலிருந்தே போகும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அண்ணை அதில்தான் சாப்பிட்டார். நாங்களும்தான். நான் பின்னால் நின்று அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது வேறை பிள்ளை. எங்கட நிலைமை அப்பிடி," என்றார். மற்றவர்களுடைய நிலைமை எப்படி என்று அவர் சொல்லவில்லை.

அவர் சொன்னபடியே நல்ல சம்பளக்காரர் ஒருவர் வந்தார். கடிகாரத் தொழிற்சாலையில் பொறியியலாளர். நான் மேலே மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் படியில் நின்று மூக்கை ஒருதரம் உயர்த்தினார். தினமும் சமைப்பீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார். அவருக்குக் கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவெடுப்பதற்குள், எங்கள் வீடு வேண்டாம் என்று அவர் முடிவெடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள். சுவிஸ்காரிதான், என்னைவிட இளையவள். வாசலில் நின்றபடியே ஜெர்மனில் சொன்னாள்.

"நான் சோஷலில் இருக்கிறேன். உங்களுக்குச் சரிவராது என்றால் இப்போதே சொல்லுங்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டியதில்லை."

எனக்கு முகம் சுட்டது. "இல்லை, கழற்றுங்கள், உள்ளே வாருங்கள்," என்றேன். அவளுக்குக் கடையில் காசு வாங்கும் இடத்தில் வேலை. முதுகு வருத்தத்தால் இப்போது அரைநாள் வேலைதான் செய்கிறாள், மிச்சத்துக்கு சோஷல். அவள் இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாத முடிவில் வீட்டைவிட்டு எழும்பியாக வேண்டும். போன இடமெல்லாம் சோஷல் என்றதும் கதவு சாத்தினார்களாம். சமையலறை அலுமாரியைத் திறக்கக்கூட அனுமதி கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் போனதும் கணவர் நாடியைத் தடவினார்.

"வாடகை அரசாங்கம் கட்டும், அதில பிழையில்லை. ஆனா ஏன் அரசாங்கம் கட்ட வேணும்?"

"முதுகு வருத்தம் எண்டு சொன்னவள்தானே?"

"அவள் சொல்லுவாள். விசாரிக்க வேணுமப்பா."

விசாரிப்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது. ஒரு சம்பந்தம் வந்தால் மாப்பிள்ளையை மாப்பிள்ளையிடம் கேட்க மாட்டோம், அவருடைய ஒழுங்கையில், அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்போம். இந்த நாட்டில் அதற்கென்று முத்திரை குத்திய கடதாசிகள் இருக்கின்றன. அவற்றை அவள் தந்துமிருந்தாள். ஆனால் குடிப்பாளா, ஆர் வந்து போகினம் என்பதெல்லாம் கடதாசியில் வராதே. நானும் மறிக்கவில்லை. எனக்கும் ஊர் வம்பு, விடுப்பு அறிகிற ஆசை இருந்தது.

சனிக்கிழமை இவர் கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி அவளுடைய தெருவுக்குப் போனார். அவளுடைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கிழவி, பழைய பேப்பர் எடுக்க வருகிறவர்களுக்காகக் கட்டுகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாராம். இவருடைய ஜெர்மன் தொழிற்சாலையில் பழகியது. அதில் உத்தரவுகள் அதிகம், 'தயவுசெய்து' குறைவு. சோஷல் எடுக்கிற பெண் இங்கேதானா, வேலைக்குப் போகிறாளா, இரவில் ஆட்கள் வருகிறார்களா என்று அடுக்கிக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை.

"அருமையான பிள்ளையாம். குடிக்கிறேல்லையாம். ஒரு பூனை இருந்ததாம், அதுவும் செத்துப் போச்சாம்."

பூனையும் இல்லை என்றதும் இவருக்குப் பரம திருப்தி. திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு வீடு உனக்குத்தான் என்று சொல்வதாக இருந்தோம். அன்று காலையில் அவளே தொலைபேசி எடுத்தாள்.

"எனக்கு வீடு வேண்டாம். மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றாள். சோஷல் கொடுக்கும் கந்தோரிலிருந்து தன்னை உளவு பார்க்க ஆள் வந்திருக்கிறார், கறுப்பு ஜாக்கெட் போட்டவர், கீழ்த்தளத்து அம்மாவிடம் எல்லாம் விசாரித்திருக்கிறார் என்றாள். "நான் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் விசாரித்து முடிக்கும்வரை வாடகையை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். உங்களையும் அதில் இழுக்கக் கூடாது. வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்."

நான் தொலைபேசியைக் கையால் பொத்தினேன். இவர் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, உங்களைப் பற்றித்தான் கதைக்கிறாள். நீங்கள் அரசாங்க உளவாளியாம்."

இவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பிறகு அவளிடம் உண்மையைச் சொன்னேன். வந்தவர் என் கணவர். எங்கள் ஆட்கள் அப்படித்தான், கல்யாணம் பேசினாலும் அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் முடிவெடுப்போம் என்று விளங்கப்படுத்தினேன்.

"நான் யாரைக் கல்யாணம் செய்யப் போகிறேன்?" என்று கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை.

பிறகு, "நான் சோஷல் எடுப்பது அந்த அம்மாவுக்கு இதுவரை தெரியாது," என்றாள். அவளுக்கு வேறொரு வீடு கிடைத்திருந்தால் எங்கள் முகத்தில் காறித் துப்பியிருப்பாள், துப்பியிருக்கவும் வேண்டும். கோபப்படுவதற்கு அவளுக்கு வசதியில்லை. "வீடு இன்னும் இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாத முடிவில் குடிவந்தாள். வாடகை கந்தோரிலிருந்து நாள் தவறாமல் வருகிறது. சத்தமில்லை, சண்டையில்லை. நான் மீன் பொரித்தால் மூக்கை உயர்த்துவதுமில்லை. கீழ்வீட்டுக்கு எப்படி ஆள் பார்த்தோம் என்று கணவர் ஊரெல்லாம் பெருமையடிக்கிறார். அண்ணையும் இப்போது, தான் சொல்லித்தான் எல்லாம் நடந்தது என்கிறார்.

ஆனால் வீட்டுக்குள் ஏதாவது புதிதாக வந்தால் அவள் மேலே வந்து மணியடிப்பாள். போன கிழமை கையில் ஒரு மேசைவிளக்கோடு நின்றாள். தமக்கை தந்ததாம், தான் சோஷல் காசில் வாங்கவில்லையாம். நான் கேட்கவில்லையே அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் விளக்கைக் கவிழ்த்து, அது பழையதுதான் என்பதற்குச் சாட்சியாக அடியில் இருந்த கீறலை எனக்குக் காட்டினாள்.