பிளம்ஸ் கொதிக்கும் சத்தம்

தெருமுனை பேக்கரிக்குப் போய் மூக்கர் இருக்கிறாரா என்று கேட்டால் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இருக்கும் கதவைக் காட்டுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கையை விரித்துவிடுவார்கள். இருபத்தேழு வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னால் அடுப்பு முன் நிற்பவர் அவர். ரொட்டி வெந்ததை மூக்கால் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். முதலாளி முன்னாலிருந்து "ஆயிடுச்சா?" என்று குரல் கொடுப்பார். "இன்னும் நாலு மூச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். நாலு மூச்சு விட்டுக் கதவைத் திறந்தால் ரொட்டி பொன்னிறத்தில் உட்கார்ந்திருக்கும். கடிகாரம் என்றால் அவருக்கு ஆகாது. "கடிகாரம் பார்த்து வேகவைக்கிறவன் பஸ் ஓட்டப் போகட்டும்" என்பார்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டு ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு ஜிப் மாற்றுவாள், பேன்ட்டை மடித்துத் தைப்பாள், இடுப்பு பெருத்தவர்களுக்கு இரண்டு அங்குலம் பிரித்துவிடுவாள். எந்நேரமும் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியிருப்பதால் அதிகம் பேசுவதில்லை என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். ஊசி இல்லாத நேரத்திலும் அவள் அப்படித்தான். வீட்டில் பேசுவது அவர் வேலை, கேட்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால், கிழிந்த ஏப்ரனைத் தைக்கச் சொல்லி வாராவாரம் கொண்டு வருவார். நாலாவது வாரமும் அதே இடத்தில் அதே நீளத்துக்குக் கிழிந்திருந்ததைப் பார்த்துத்தான் விஷயம் அவளுக்குப் புரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். மறுவாரம் வேறு இடத்தில் கிழித்துக்கொண்டு வந்தார்.

அப்படி எதையும் வாயைத் திறக்காமல் கவனிக்கிறவளுக்கு, இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போனது என்று தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மாடிப்படி ஏறும்போதே "மேல் வீட்டில பால் பொங்குது, யாராவது பாருங்க" என்று கத்துகிறவர், தன் வீட்டுப் பால் தீய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று செய்தித்தாள் படித்தார். பெட்டியிலிருந்து எடுத்த சட்டை அந்துருண்டை நெடியோடு கண்ணைக் கரித்தது. அதை உதறாமல் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். எதைப் போட்டாலும் "நல்லா இருக்கு" என்று சாப்பிட்டு எழுந்தார். உப்பு ஒரு கல் கூடினால் தட்டைச் சுற்றிப் பிரசங்கம் செய்கிற மனிதர்.

அவள் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன வாரம், தைத்து முடித்த ஏப்ரன்களைக் கொடுக்க பேக்கரிக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. "ரெண்டு தட்டு ரஸ்க் கரி, மூக்கரே. அடுப்பு மேல பழி போடாதீங்க, அடுப்பைப் போன மாசம்தான் பார்த்தாங்க. இன்னொரு தட்டு போச்சுன்னா உங்களை முன்னால கவுண்டர்ல உட்கார வச்சுட்டு அடுப்புக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்." தட்டிலிருந்து கரியைச் சுரண்டும் சத்தம்தான் பதிலாக வந்தது. பேச்சுக்குப் பஞ்சமில்லாத வாய். தையல்காரி ஏப்ரன் கட்டை மேஜையில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிளம்ஸ் வருஷத்தில் ஒன்றரை மாதம்தான் கிடைக்கும். அது வந்த முதல் ஞாயிறு வீட்டுச் சமையலறை அவருடையது. பழத்தை அடியில் போட்டு, மேலே மாவை மூடி, ஓவனில் வேகவைப்பார். கடையில் அதைக் காப்ளர் என்பார்கள். வீட்டில் பிளம்ஸ் என்றாலே அதுதான். அவருடைய அக்கா அதற்காகவே இரண்டு பஸ் மாறி வருவார்.

"டேய், இந்தத் தடவையாவது எனக்கு ஓரத்துல இருக்கிறதைக் கொடு. போன வருஷம் நடுவுல எடுத்துக் கொடுத்து ஏமாத்திட்ட" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஓரம் சமைச்சவனுக்கு. வந்து சாப்பிடுறவங்களுக்கு நடு."

"பாருடி உன் புருஷனை. இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான்."

"அதுக்காக என்ன செய்யணும் அண்ணி? இப்ப நீங்க அவர் இடுப்புல ஏறிக்கிறீங்களா?" என்றாள் தையல்காரி. அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வருவது அபூர்வம். அக்கா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

மூக்கர் சிரிக்கவில்லை. பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்போதும் ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்துத்தான் பொறுக்குவார். பழக்காரி "வாங்கப் போறீங்களா, முத்தம் கொடுக்கப் போறீங்களா" என்று கேலி செய்வாள். இந்த முறை பையைக் கவிழ்த்தபோது பாதிப் பழம் கல் போல உருண்டது. மனைவி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் கொட்டை எடுக்க உட்கார்ந்தார்கள்.

கை மட்டும் பழைய கைதான். பழத்தைக் கீற்றாக நறுக்கி, சர்க்கரையும் ஒரு கரண்டி சோள மாவும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பிரட்டி ஒதுக்கி வைத்தார். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, விரல் நுனியால் உதிர்த்தார். "உள்ளங்கை படக்கூடாது, உருகிடும்" என்று வழக்கம்போல யாரும் கேட்காமலே சொன்னார். மோரைத் தெளித்துச் சேர்த்து, பழத்தின் மேல் கரண்டி கரண்டியாக இடைவெளி விட்டு வைத்தார். பாத்திரம் ஓவனுக்குள் போனது. அதற்கு அடியில் எப்போதும் வைக்கிற தட்டை மறந்தார்.

பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஓவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அது அவருடைய பந்தா. முதுகைக் காட்டி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே இருப்பார். ஒரு வாக்கியத்தின் நடுவில் மூக்கு லேசாக நிமிரும். "ஆயிடுச்சு" என்று எழுந்திருப்பார்.

அக்கா தன் மகளுடன் போனில் பேச பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தையல்காரி சமையலறை வாசலோரம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அரை மணி போனது. முதலில் வெண்ணெய் வாசனை வந்தது. அதன் பின்னால் பழத்தின் புளிப்பு வாசனை. திடீரென்று இரண்டையும் தள்ளிக்கொண்டு தீய்ந்த சர்க்கரையின் நெடி வந்தது.

அவள் ஊசியை நிறுத்திவிட்டு அவர் மூக்கைப் பார்த்தாள். அது நிமிரவில்லை. அவர் தரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு, கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இதில் தப்பினால் நாளைக்குக் கடையிலும் தப்பிவிடலாம் என்று நம்பி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்தால் தனக்குத் தெரியும் என்று சொன்னதாகிவிடும். எழாவிட்டால் இன்னும் இரண்டு நிமிஷத்தில் பால்கனிக்கே புகை போகும்.

எழுந்தாள். அவரைத் தாண்டிப் போய் ஓவனைத் திறந்தாள். புகை முகத்தில் அடித்தது.

அவர் திரும்பினார். "ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

ஊரே அவரிடம் கேட்ட கேள்வி. அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை.

"இல்லைங்க. சாறு பொங்கி அடியில சொட்டித் தீயுது. பழத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். ஈரத்துணியால் கரியை வழித்து, ஒரு தட்டை அடியில் தள்ளி, கதவை மூடினாள்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "எத்தனை நாளா தெரியும்?"

"அந்துருண்டைச் சட்டையிலேர்ந்து."

"அவ்வளவு நாறிச்சா?"

"தெரு திரும்பிப் பார்த்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? எல்லாரும் மூக்கர்னு கூப்பிடுறாங்க. அந்த மூக்கே போச்சுன்னா அப்புறம் நான் யாரு?" ஏப்ரன் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். பழைய இரட்டைத் தையல் போட்ட ஓரம். "பொட்டலம் கட்டக்கூட எனக்குச் சரியா வராது. கவுண்டர்ல உட்கார்ந்து என்ன பண்ணுவேன்?"

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓவனைக் காட்டினாள். "இதைக் கேளுங்க."

"என்னத்தை?"

"கொதிக்கிறதை. நான் அந்த ரூம்ல மெஷின்ல இருக்கும்போது வாசனை வருமா? எண்ணெய் நாத்தம்தான் வரும். ஒவ்வொரு வருஷமும் சத்தத்துலதான் எனக்குத் தெரியும். இப்ப தண்ணி மாதிரி சலசலன்னு அவசரமா கொதிக்குது. அப்புறம் நிதானமாகும். கூழ் மாதிரி ஒண்ணொண்ணா வெடிக்கும். அப்ப நீங்க எழுந்திருப்பீங்க."

அவளிடமிருந்து இத்தனை பேச்சை ஒரே மூச்சில் அவர் கேட்டதில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தானும் தரையில் உட்கார்ந்தார். இரண்டு தலைகளும் ஓவன் கதவருகே சாய்ந்தன. சலசலப்பு மெல்ல அடங்கியது. ஒரு குமிழ் வெடித்தது. இடைவெளி விட்டு இன்னொன்று, பளக் என்று.

"இதுவா?"

"இன்னும் நாலு மூச்சு" என்றாள்.

பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வந்த அக்கா அப்படியே நின்றார். "என்னடா, ரெண்டு பேரும் ஓவன்கிட்ட ஒட்டுக் கேக்குறீங்க? உள்ள யாரு பேசுறா?"

"உனக்கு ஓரம் கொடுக்கலாமான்னு கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றார் மூக்கர்.

மேலே பொன்னிறமாக வந்திருந்தது. இடைவெளிகளில் கருஞ்சிவப்புச் சாறு பாகாக நின்றது. முதல் வாயிலேயே அக்கா ஒரு கண்ணை மூடினார். "பழம் என்னடா இந்தப் புளிப்பு புளிக்குது!" சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணத்தையும் நீட்டினார். அவரிடம் மூக்கர் தானே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "மருந்துக்கடைக்காரர் மாமியாருக்கும் இப்படித்தான் போச்சு. ஏழு மாசம் கழிச்சு வந்துச்சு. முதல்ல டாக்டரைப் போய்ப் பாரு. அதுவரைக்கும் இவ சொல்றதைக் கேளு" என்றார்.

சாயங்காலம் தையல்காரி தன் தையல் டப்பாவைக் குடைந்தாள். ஓவன் வாங்கிய அன்றே அதன் நேரம் வைக்கும் திருகைப் பிடுங்கி, "எனக்கு இது எதுக்கு" என்று அவளிடம் கொடுத்திருந்தார். கனமான இரும்புத் திருகு. இத்தனை வருஷமும் துணி வெட்டும்போது காகிதம் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்தாள். அதைத் துடைத்து ஓவனில் பொருத்தி ஒரு திருப்பு திருப்பினாள். டிக் டிக் என்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் அதைக் கழற்றவில்லை.

திங்கட்கிழமை காலை அவளுடைய அலாரம் கடிகாரத்தை ஒரு கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று முழுக்க அவள் தைத்ததில் இரண்டு ஜிப் தலைகீழாகப் போனது.

நாலு மணிக்கு வந்தார்.

"முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். 'இதை ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா ரஸ்க் தப்பிச்சிருக்கும்ல'ன்னு கத்தினார். அப்புறம் அவரே ஒரு ஆணி அடிச்சு உன் கடிகாரத்தை மாட்டினார். மூணு தட்டு போட்டேன். ரொட்டியோட அடியைத் தட்டிப் பார்த்தேன், காலிப் பெட்டி மாதிரி சத்தம் வந்துச்சு, எடுத்தேன். ரஸ்க்குக்குக் கடிகாரம். ஒண்ணும் கருகல. அடுப்பு என்கிட்டயே இருக்கட்டும்னுட்டார்."

அவள் மீதியிருந்த பிளம்ஸைச் சூடாக்கிக் கிண்ணத்தில் கொண்டு வந்தாள். அவர் ஒரு கரண்டி வாயில் போட்டு மென்றார்.

"சூடு தெரியுது. மேல மொறுமொறுப்புத் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல" என்று கரண்டியை அவளிடம் நீட்டினார். "நீ சொல்லு. எப்படி இருக்கு?"

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். உதட்டிலிருந்த இரண்டு ஊசிகளை ஏற்கெனவே எடுத்துச் சேலையில் குத்தியிருந்தாள். என்ன சொல்வதென்று வெகுநேரம் யோசித்தாள். "முதல்ல கன்னத்துல கிள்ளுற மாதிரி ஒரு புளிப்பு" என்று ஆரம்பித்தாள். "தோல் இருக்கிற இடத்துல கொஞ்சம் துவர்க்குது. அப்புறம் மாவு வந்து அதைப் போர்த்திக்குது. வெண்ணெயை நீங்க விரலால உதிர்த்தீங்கல்ல, அது அங்க தெரியுது..."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவள் நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றார்.