அக்கா வைத்த வேட்டியும் சேலையும்

எங்கள் வீட்டின் மூத்த மகளும் எனக்கு ஒரே உடன்பிறப்புமான அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த வைகாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவரின் குறைகளை எழுதுவதில்லை. வந்திருப்பவர்களின் குறைகளையும் எழுதுவதில்லை. அக்காவிடம் பிடிவாதத்தைத் தவிர வேறு குறை இல்லை. உறவினர் குறையைப் பற்றித்தான் ஓரிடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அதில் முதல் குற்றவாளி நானே என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா பிறந்தது கீரமங்கலத்தை அடுத்த எங்கள் சிற்றூரில். அப்பாவுக்குக் கொஞ்சம் பூந்தோட்டமும் பதினொரு பலா மரங்களும் இருந்தன. பதினொன்றாம் வயதில் அக்கா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ஆனாலும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வகுப்பிலிருந்து ஓயாமல் வெளியே போகிறாள் என்று பள்ளி ஆசிரியை சொல்லியனுப்பிய பிறகே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சர்க்கரை நோய் என்றார் டாக்டர். அது வயதானவர்களுக்கு வருவது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்று தொடங்கிய இன்சுலின் ஊசியை அக்கா தன் கையாலேயே போட்டுக்கொள்ளப் பழகினார். பலாப்பழக் காலத்தில் வீடே மணக்கும். அக்கா பழத்தை அரிந்து சுளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பாலை எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொள்வார். அவர் வாயில் ஒரு சுளை போய் நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வந்த வழியே திரும்பினார்கள். மூன்றாவது முறை அக்காவே, "போதும்ப்பா, காப்பித்தூள்தான் வீணாப் போகுது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். தோட்டத்தின் ஓரத்தில் நாற்றங்கால் போட்டார். மா, பலா, எலுமிச்சை ஒட்டுக்கன்றுகள் கட்டி விற்றார். கை ராசிக்காரர் என்று ஆலங்குடியிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். ராசி என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒட்டுக் கட்டிய கன்றை நாற்பது நாள் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் நான் கண்டது.

முப்பத்தொன்றாம் வயதில் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அப்பா காலமாகியிருந்தார். வாரம் மூன்று நாள் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ். நான் அஞ்சலகத்தில் வேலை பார்ப்பதால் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு மாலையில் அழைத்து வருவேன். என் கிட்னி ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில், மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு நகரத்தின் மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிச் சென்றேன். அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். என் சிறுநீரகத்தை வைத்தாலும் சர்க்கரை நோய் அதையும் நாளடைவில் கெடுத்துவிடும். கணையத்தையும் சேர்த்து மாற்றினால் ஊசியே வேண்டியிருக்காது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் மனமுவந்து கொடுத்தால் இரண்டும் ஒருவரிடமிருந்தே கிடைக்கும் என்றார். உடம்பு அவற்றை ஏற்றுக்கொள்ள ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். "ஒட்டுக் கட்டுற மாதிரிதான். பிடிக்கிற வரைக்கும் நாமதான் பாத்துக்கணும்" என்று அக்கா எனக்கு விளக்கம் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார்.

காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்தார்கள். எண் கேட்டபோது நான் முந்திக்கொண்டு என் செல்போன் எண்ணைக் கொடுத்தேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு மதியம் அழைப்பு வந்தது. "மூணரை மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும் சார். இன்னொருத்தரையும் கூப்பிட்டிருக்கோம். நீங்க முதல்ல இருக்கீங்க, ஆனா லேட் ஆனா காத்திருக்க முடியாது" என்று மருத்துவமனையில் உறுப்பு மாற்றுக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி தெளிவாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கார் வாசலில் தயாராக நின்றது. நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

நம் பக்கத்தில் யாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. சொல்லாமல் போனால் "எங்களை மனுசனா நெனச்சியா" என்ற பேச்சு பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். பெரியப்பா பதறிப்போனார். "ஏன்டா, ஆப்பரேசனுக்கு ஒத்தையிலயா போவீக? இருங்கடா, வேன் சொல்லிட்டேன். நம்ம சனம் பூராம் வரும்" என்றார். அக்கா ஏற்கெனவே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். "நாம போவோம்டா தம்பி, அவுக பின்னாடி வரட்டும்" என்று இரண்டு முறை சொன்னார். "அஞ்சு நிமிசம்க்கா" என்றேன் நான். அம்மாவும், "பெரியவுக சொல்றாகள்ல" என்றார்.

வேன் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஆலங்குடியில் சித்தப்பா ஏறினார். புதுக்கோட்டையில் அத்தை ஏறினார். அவர் குளித்துத் தலை காய்ந்து வரும்வரை நின்றோம். ஆக மொத்தம் பதினான்கு பேர். அத்தனை பேரும் அன்பினால்தான் வந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற நோயாளியை ஆப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.

வேனிலிருந்து இறங்கிய பதினான்கு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அக்காதான், "வந்தது வந்துட்டீங்க, எல்லாரும் சாப்பிட்டுப் போவோம்" என்றார். திரும்பும் வழியில் அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மறுநாள் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபடியே மருத்துவமனைக்குப் போன் செய்து, பதிவேட்டில் என் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போடச் சொன்னார். என் முகத்தைப் பார்த்து, "இன்னொருக்கா கூப்பிட்டாகன்னா ஒங்கிட்டயே சொல்லுவனோ மாட்டனோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்சுகள் தடுமாறும் அளவுக்கு நிலைமை போயிற்று. ஒரு தை மாதக் காலையில் அக்கா நாற்றங்காலிலிருந்து சேற்றுக் கையோடு அஞ்சலக வாசலுக்கு வந்து, "காரை எடு" என்று மட்டும் சொன்னார். நான் யாருக்கும் போன் போடவில்லை. அம்மாவுக்குக்கூட வழியில்தான் தகவல் சொன்னோம். அன்று மாலை அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் செய்தி தெரிந்து வந்த பெரியப்பா, அக்காவைப் பார்த்து விசாரித்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். பத்து மாதம் பேசவில்லை.

அந்த ஆனியில், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அக்கா பலாச்சுளை சாப்பிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். "இம்புட்டு இனிப்பாவாடா இருந்துச்சு?" என்று கேட்டார். இரண்டு சுளை சாப்பிட்டுவிட்டு மூன்றாவதை என்னிடம் கொடுத்துவிட்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதார்.

கொடுத்தவர் யார் என்று மருத்துவமனையில் சொல்லவில்லை. அது அவர்கள் விதி. அக்கா பெயர் போடாமல் ஒரு நன்றிக் கடிதம் எழுதி அவர்கள் மூலமாகவே அனுப்பினார். பதில் இல்லை. அடுத்த தை மாதத்தில் அதே நாளில் இலை போட்டுப் படையல் வைத்தார். இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே முறை? இவருக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆணா பெண்ணா என்பதே தெரியாது. ஆகவே இலைக்கு ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் சேலை வைத்தார். சாம்பாரும் வைத்தார், கோழிக்குழம்பும் வைத்தார். "யாருன்னே தெரியாம எப்படித்தா கும்புடுறது?" என்று அம்மா கேட்டதற்கு, "பேரு தெரியலைன்னா என்ன? இங்கதான இருக்காக" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். ஒன்பது தை மாதங்கள் இப்படிப் படைத்தார். படைத்த துணிகளை ஊரில் உள்ள ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

தன் கண்களைக் கொடுக்க வேண்டும் என்று அந்த நாட்களிலேயே சொல்லி, படிவத்திலும் கையெழுத்திட்டிருந்தார். மருந்துகளின் காரணமாக மற்ற உறுப்புகளை எடுப்பது கடினம், கண்ணை எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உயிர் பிரிந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

கடந்த வைகாசியில் ஒரு காலை, கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். "வேன் வந்த அன்னிக்கு அவ சொன்னதக் கேட்டமா? முதல்ல கண்ணுக்காரவுகளக் கூப்பிடு" என்றார் அம்மா. கண் வங்கிக்குச் சொன்னேன். அவர்கள் சொன்னபடி மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சை வைத்தோம். அவர்கள் வந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா வாய்விட்டு அழவில்லை. அழுதால் தெரு கூடும், தெரு கூடினால் பெரியப்பா வருவார், வந்தால் பேச்சு வளரும் என்று அவருக்குத் தெரியும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தார். பெற்றவளை அழவிடாமல் உட்கார்த்தி வைத்த பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.

உங்களுக்கெல்லாம் சாவுச் செய்தி தாமதமாக வந்ததற்குக் காரணம் இதுதான். பலர் என்னிடம் நேரில் கேட்டீர்கள். பெரியப்பாவும் கேட்டார். "முன்னாடியே சொன்னா நான் தடுத்திருப்பேன்னு நெனச்சியா?" என்றார். "ஆமா பெரியப்பா" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தடுத்துத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பந்தல்காரரிடம் வேலை ஏவினார். பதினாறாம் நாள் வரை எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

அவருக்கும், அன்று வேனில் வந்த பதினான்கு பேருக்கும், டயாலிசிஸ் பிரிவில் அக்காவின் கையை நோகாமல் பிடித்த நர்சுகளுக்கும், மருத்துவர்களுக்கும், கண் வங்கியினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கள் வீட்டுத் துக்கத்தின் நடுவே எங்கள் அக்காவுக்கு ஒன்பது ஆண்டுகளைக் கொடுத்த, பெயர் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் போதவில்லை. இந்தத் தையில் வேட்டியும் சேலையும் நான் வைத்தேன். இனியும் வைப்பேன்.

அக்காவின் கண்கள் இருவருக்குப் பார்வை தந்திருப்பதாக ஒரு கடிதம் வந்தது. அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த மலரும் அவர்கள் கைக்குப் போகாது. ஆனாலும், அக்காவைப் போலவே அவர்களும் என்றாவது ஒரு நாள் இலை போட்டுவிட்டு என்ன வைப்பதென்று தெரியாமல் நின்றால் என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அதனால் எழுதி வைக்கிறேன். வேட்டி வேண்டாம், சேலை போதும். பலாச்சுளை இரண்டு வையுங்கள். மூன்றாவதை வைத்தாலும் அக்கா யாருக்காவது கொடுத்துவிடுவார்.