8191-ஐ எந்த ட்ரேயில் அடுக்குவது?

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மோதிரம் மாதிரி இருக்கும் பித்தளை புஷ்களை ட்ரேயில் அடுக்கி டேப் ஒட்டும் பேக்கிங் வேலை பார்த்தேன். கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள் என்று அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் சம்பளமா கூடப்போகிறது? சிரிப்பார்கள்.

பக்கத்து மேஜையில் அஞ்செட்டிப் பெண் ஒருத்தி. ஒரு மதியம் ஷிஃப்ட் முடிகிற நேரம் சூப்பர்வைசர் அவளை லைன் முன்னால் நிறுத்தினார். "பித்தளை புஷ் ஒண்ணு கொறையுது. எங்க வெச்ச?" அன்றைய உற்பத்தி ஷீட்டில் 8191. அவள் பேக் செய்தது 8190. பையைக் கொட்டினார்கள், சோற்று டப்பாவைத் திறந்தார்கள். எதுவும் இல்லை. ஆனாலும் எடுத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அவள் அழவும் இல்லை, பேனாவைத் தொடவும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். 'எல்லா ட்ரேயும் சமம், ஃபுல், லூஸ் இல்லை' என்று சூப்பர்வைசர் கையெழுத்து. மேலே 8191. அட, இவனா! பதின்மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிறவன். காலேஜில் ஒரு பொழுது முழுக்க இவனை வகுத்து வகுத்துத் தோற்றிருக்கிறேன். பகா எண். ஒன்றையும் தன்னையும் விட்டால் எதற்கும் மடங்கமாட்டான்.

கூப்பிடாமலே மேனேஜர் அறைக்குள் போனேன். சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், இந்த நம்பர எந்த ட்ரேலயும் சமமா அடுக்க முடியாது."

"டேப் ஒட்டுறவளுக்கு என்னாத்துக்கும்மா கணக்கு? ட்ரேக்கு முப்பது சார்" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணு மிஞ்சும்."

"இல்ல, இன்னைக்கி முப்பத்தஞ்சு."

"ஒண்ணு மிஞ்சும்."

"நாப்பத்திரெண்டு!"

மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். "இதுக்கும் ஒண்ணு மிஞ்சுதேய்யா."

"நீங்க எதைச் சொன்னாலும் மீதி நிக்கும் சார். தொண்ணூறுக்குள்ள இருக்கிற இருபத்தினாலு பகா எண்ணால வகுத்துப் பாத்தாப் போதும், எதுலயும் சமமாப் போகாது. தொண்ணூத்தொண்ண அதாலயே பெருக்கினா இந்த நம்பரத் தாண்டிடும், அதுக்கு மேல தேடவே வேணாம். பேப்பர் குடுங்க, இங்கயே போட்டுக் காட்றேன். ஒண்ணு நம்பர் பொய், இல்ல 'சமம்'னு எழுதினது பொய். நான் சொல்றது தப்புன்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

 

மேனேஜர் ஷீட்டை சூப்பர்வைசர் பக்கம் தள்ளினார். அப்புறம்தான் சூப்பர்வைசர் உண்மையைக் கக்கினார். மனுஷன் ட்ரேயை எண்ணவே இல்லை. மிஷின் கவுண்டரில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். காலையில் மிஷினை செட் செய்ய வெட்டுகிற முதல் பீஸையும் கவுண்டர் எண்ணிவிடும். அந்த பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் சீட்டு கட்டிச் சமத்தாக உட்கார்ந்திருந்தது.

"ஒரு பீஸ்தானம்மா, விடு" என்று சூப்பர்வைசர் இளித்தார்.

"அந்த ஒரு பீஸுக்குத்தான் சார் அவ சோத்து டப்பாவத் தொறந்தீங்க. லைன் முன்னாடி வந்து சொல்லுங்க."

மேனேஜரும் தலையசைத்தார். சூப்பர்வைசர் வந்தார். எல்லோரும் பார்க்க, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத அஞ்செட்டிக்காரி நிமிர்ந்தாள்.

"காதுல விழல சார். இன்னொருக்கா சொல்லுங்க."