சம்பளத்துக்கு ஊள வுட்டவன்

ஊள வுடுறதும் ஒரு தொழிலுதாங்க. சிரிக்காதீங்க. யாருக்கோ மெசேஜ் போட்டுட்டு, டிக்கு நீலமாச்சா நீலமாச்சான்னு போனையே தேச்சிக்கினு கெடக்கறீங்களே, நீங்க பண்றதும் இதே வேலதான். எனக்கு சம்பளம் குடுத்தாங்க, உங்களுக்கு அதுவும் கெடயாது.

பாலிடெக்னிக்கப் பாதியில வுட்டுட்டு, மூங்கில்துறைப்பட்டுல கரும்பு டிராக்டருல கொஞ்ச நாளு, கள்ளக்குறிச்சியில செல்போன் கடையில கொஞ்ச நாளுன்னு எங்கயும் ஒட்டாம சுத்திக்கினு இருந்தேன். அப்ப கோயமுத்தூருலேர்ந்து சுதா மேடம்னு ஆராய்ச்சி பண்றவங்க வந்தாங்க. கல்வராயன் மல அடிவாரத்து முள்ளுக்காட்டுல ஓநா இன்னும் இருக்குதான்னு அவங்களுக்குத் தெரியணும். ஓநா லேசுல கண்ணுல படாது. ஆனா சாயங்காலமோ விடியக்காலையோ இன்னொரு ஓநா கத்துறது காதுல வுழுந்தா பதில் குடுக்கும். அதனால நாம ஓநா மாதிரியே கத்திட்டு, அப்பால வாய மூடிக்கினு கேக்கணும். கத்துறது ஒரு நிமிசம், கேக்குறது அரை மணி நேரம். யாருமில்லாத கரட்டு மேல குந்திக்கினு அந்த அரை மணி நேரத்த ஓட்டிப் பாருங்க, அப்பத் தெரியும்.

இன்டர்வியூ

மேடம் தங்கியிருந்த லாட்ஜி வாசல்லயே, "எங்க, ஒரு தடவ கத்திக் காட்டுங்க"ன்னாங்க. எங்க சர்ச்சுப் பாட்டுக் குழுவுலேர்ந்து என்னத் தொரத்துனதே இந்தத் தொண்டைக்காகத்தான். சரி, இத்தினி வருசம் கழிச்சி ஒருத்தங்க கேக்குறாங்களேன்னு கண்ண மூடிக்கினு, அடியிலேர்ந்து ஏத்தி, மேல நிறுத்தி, மெதுவா எறக்கி வுட்டேன்.

கண்ணத் தொறந்தா பஸ் ஸ்டாண்டு நாய்ங்க பூரா வாசல்ல நிக்குது. ஒன்னு ரெண்டு கூடவே கச்சேரி பண்ணுது. மேடம் கைய கொட்டுறாங்க. லாட்ஜி வாச்மேன் மட்டும் கட்டைய எடுத்துக்கினு வந்தாரு: "தம்பி, ரூம்பு கேட்டியின்னா காலி இல்ல. நாய் கேட்டியின்னா அத்தினியும் இட்டுக்கினு போ."

மொத பதிலு

மேல கரியாலூர்ப் பக்கம் கத்துறதுக்கு மணின்னு ஒரு பையன வேலைக்கு வெச்சிருந்தாங்க. நான் கீழ. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. ஒரு நாளு அவன், மறுநாளு நான்னு மொற. என் மண்டையில கெழமையே நிக்காது, வேல வெட்டி இல்லாம இருந்தவனுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதான? நாள மாத்திப்புட்டேன்.

கத்துனேன். பதிலு வந்துச்சி! ஒடம்பு பூரா சிலுத்துப் போச்சி. ஒரு வாரமா இந்தக் கூத்து. மேடத்துக்கு போன் போட்டா அவங்க குஷியில எனக்கு பிரியாணி வாங்கித் தர்றேன்றாங்க. கடசியா ஒரு சாயங்காலம் கிட்டக்கப் போயி பாத்துடலாம்னு கத்திக்கினே மேல ஏறுனேன். அதுவும் கத்திக்கினே கீழ எறங்குது. ஓடைக்குக் கிட்ட ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒருத்தன் வாயிக்கு கை குவிச்சிக்கினு நிக்கிறான். மணி என்ன மேலயும் கீழயும் பாத்துட்டுச் சொன்னான்: "இன்னாடா, கீழ கத்துறவன் நீதானா? பொட்ட ஓநான்னு நெனச்சி நான் தல வேற சீவிக்கினு வந்தேன்டா!"

மாடியில காயுது

கத்துறது போவ இன்னொரு வேலயும் உண்டு. ஓநா பீ பொறுக்குறது. சொன்னா மூஞ்சச் சுளிப்பீங்க. நாய்ப் பீ வேற, இது வேற. இதுல மயிரும் எலும்புமா இருக்கும். மயிர வெச்சி அது முயலத் தின்னுச்சா, ஆட்டத் தின்னுச்சான்னு மேடம் சொல்லிடுவாங்க. வண்டித்தடத்து நடுவுல, எல்லாரும் பாக்குற மாதிரிதான் போட்டு வெக்கும். 'இது என் எடம்'னு அதுங்களுக்கு அதான் போர்டு.

ஓநாயோடதா நரியோடதான்னு தெரியாம கண்டதயும் பொறுக்கியாந்து வூட்டு மாடியில பேப்பர் விரிச்சிக் காய வெச்சேன். மணி அதுக்குள்ள திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். மலையில பேச்சுத் தொணைக்கு ஆளு கெடயாது. வூட்டுக்கு வந்தாலாவது யாராச்சும் பேசுவாங்கன்னு பாத்தா, அம்மா மாடிப்படியில நின்னுக்கினு பேசுனது இதான்: "அந்தப் பக்கம் வடாம் காயுது, இந்தப் பக்கம் உன் படிப்பு காயுது. ரெண்டையும் கலந்துடாதடா சாமி."

நெசமா ஒன்னு

தை முடிஞ்சி வெயிலு ஏற ஆரம்பிச்சப்ப, ஒரு சாயங்காலம் கத்திட்டுக் குந்திக்கினு இருந்தேன். வந்துச்சி. மணி இல்ல, மணிதான் திருப்பூருல இருக்கானே. நீளமா, ஒத்தக் கொரலு. மறுநா காலைல ஓடை மணல்ல தடம். நாயின்னா அங்க மோந்து இங்க மோந்து கோணக்கமாணக்கன்னு நடக்கும். இது நூல் புடிச்ச மாதிரி நேரா போயிருக்கு, முன்னங்கால் வெச்ச எடத்துலயே பின்னங்கால வெச்சி. எங்கயோ போவணும்னு முடிவு பண்ணிக்கினு நடக்குற நட.

அப்பால ஒரு நா விடியல்ல பாத்தே புட்டேன். காலு நெட்டு, வயிறு ஒட்டி, காஞ்ச புல்லு கலரு. என்னப் பாத்துச்சி. பயப்படவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. எனக்குப் பின்னால வேற யாராவது வர்றாங்களான்னு பாத்துட்டுத் திரும்பிடுச்சி. நான் போன்ல புடிச்ச போட்டோவ மேடம் பாத்துட்டு, எளவட்டக் கடுவன், தன் கூட்டத்த வுட்டுட்டுத் தொண தேடி வந்திருக்குது, இங்க கெடைக்கலன்னா வேற காட்டுக்குப் போவும்னாங்க. "மாசத்துக்கு ஒருக்கா கூப்புட்டா போதும். நீங்க தெனம் பதில் குடுத்தீங்கன்னா, இங்க ஆளு இருக்குதுன்னு நம்பி அது போகாமயே இருந்துருமுங்க."

ஆடு

தெனம் கத்துனேன். அதுவும் தெனம் பதிலு குடுத்துச்சி.

கரட்டுக்குக் கீழ சின்னப்பொண்ணு அக்காவோட ஆட்டுப் பட்டி. புருசன் இல்ல, கூலி இல்லாத நாள்ல அந்த ஆடுங்கதான் அக்காவுக்குச் சோறு. ஒரு நா மத்தியானம், ஆடுங்க மேஞ்சிக்கினு இருக்கும்போதே ஒரு பொட்ட ஆட்டக் காணோம். கத்தல் இல்ல, ஓட்டம் இல்ல. தேடுனா பாதி ஒடம்பு முள்ளுக்குள்ள கெடக்குது. மிச்சத்தத் தின்ன ஓநா திரும்பி வரும்னு எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா கையில பருத்திக்கு அடிக்கிற மருந்து பாட்டிலு. செத்த ஆட்டு மேல ஊத்த மூடியத் திருவிக்கினு இருக்காங்க.

கால்ல வுழாத கொறதான். "அக்கா, பொதச்சிடுக்கா, அமாவாச வரைக்கும் டைம் குடுக்கா, நான் வாய மூடிக்கிறேன், அது தானா போயிடும்க்கா"ன்னேன். மூடியத் திரும்ப மூடி, பாட்டிலப் பட்டிக் கம்புலயே கட்டித் தொங்க வுட்டாங்க, என் கண்ணுக்கு நேரா. "நீ கூப்புடுற, அது வருது. உன் சொந்தக்காரன்னா உன் வூட்டுக்கு இட்டுக்கினு போயி சோறு போடுடா. என் ஆட்ட ஏன்டா பந்தி வெக்கிற?"

வாய மூடுனது

பேசாம இருக்குறது எனக்கு எவ்ளோ கஷ்டம்னு என் வாயத் தெரிஞ்சவங்களக் கேளுங்க. சாயங்காலம் பட்டிகிட்ட வந்து அக்காகூட காவலுக்குக் குந்திக்கினேன். ஆடுங்கள உள்ள அடைச்சி முள்ளு வேலி போட்டாச்சி. அது கரட்டு மேலேர்ந்து கத்துச்சி. நிறுத்துச்சி. கேட்டுக்கினு இருக்குதுன்னு தெரியிது. மறுபடி கத்துச்சி. எனக்குத் தொண்டையில வந்து நிக்கிது. தோள்ல கெடந்த துண்ட வாயில வெச்சிக் கடிச்சிக்கினேன். அக்கா பாத்தாங்க, சிரிக்கல.

மறுநாளும் அதே. அடுத்த நாளு இன்னும் கிட்டக்க, நான் எப்பவும் குந்துற பாறைக்கே வந்து கத்துச்சி. பாறைய மோந்திருக்கும். என் வாசனதான் இருக்கும், வேற இன்னா இருக்கும்? அப்பால ரெண்டு நாளு சத்தமே இல்ல. அக்கா பாட்டிலப் பாக்குறாங்க, நான் பாட்டிலப் பாக்குறேன். அமாவாசைக்கு மொத நாளு பொழுது எறங்குற நேரம், மேக்கால, மல தாண்டி சேலம் பக்கம், சன்னமா ஒரு கொரலு. ஒரே ஒருக்கா. பதிலுக்கு நிக்கவே இல்ல. அக்கா எழுந்து போயி கம்புலேர்ந்து பாட்டில அவுத்து, குழி தோண்டிப் பொதச்சிட்டு வந்து கையத் தொடச்சிக்கினே சொன்னாங்க: "உன் கூட்டாளி தன் சோடியத் தேடிக் கெளம்பிட்டான். நீ எப்படா கெளம்பப் போற?"

ஆராய்ச்சிக்காகத்தான் கத்துனேன்னு ஊரு பூரா பீத்திக்கினு திரியிறேன், ஆனா மாசத்துல ஒரு நாளு கத்துனதுதாங்க மேடத்துக்கு, மிச்ச நாளு பூரா எனக்கு யாராவது பதிலு சொன்னா நல்லாருக்குமேன்னு கத்துனது.