அரை கருவாடு

மூன்றாம் வகுப்புக்கு, எண்ணிக்கையைப் படங்களால் காட்டும் பட விளக்கப்படம் சொல்லிக்கொடுக்க இரண்டு பீரியட் போதும் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதையும் அது தின்றுவிட்டது.

சிட்லபாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் என் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பிடித்த சாப்பாட்டை வைத்துத் தொடங்கினால் சுலபமாக இருக்கும் என்று போர்டில் நான்கு பெயர்களை எழுதினேன்: இட்லி, தோசை, பூரி, நூடுல்ஸ். “யாருக்கு எது பிடிக்கும், கை தூக்குங்க.”

எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று வந்தது.

“ஒருத்தர் ஒரு தடவைதான் தூக்கணும்!”

“மிஸ், எனக்கு ரெண்டும் பிடிக்கும்.”

“ஒண்ணு சொல்லு.”

“எந்த சட்னி மிஸ்?”

தொண்டை வறண்டுபோய், ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து எழுதச் சொன்னேன். தோசை பன்னிரண்டு, நூடுல்ஸ் ஒன்பது, பூரி ஆறு, இட்லி நான்கு. முப்பத்தொன்று. இன்னொரு சீட்டு எங்கே என்று மேஜைக்கடியில் தேடிவிட்டு நிமிர்ந்தால், அது என் கையிலேயே இருந்தது. அதில் கருவாட்டுக் குழம்பு என்று எழுதியிருந்தது.

கடைசி பெஞ்சுப் பெண் எழுதியது. அதிகம் பேசாதவள். நான் வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது. வகுப்பே “ச்சீ” என்று மூக்கைப் பொத்தியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸை ஒடித்து, ஐந்தாவது வரிசையில் கருவாடு என்று பெரிதாக எழுதினேன்.

அவ்வளவுதான். மூக்கைப் பொத்தியவர்களில் இரண்டு பேர் மெதுவாக எழுந்தார்கள். “மிஸ், எனக்கும் கருவாடு. மாத்திக்கவா?” ஒன்று தோசையிலிருந்து, ஒன்று நூடுல்ஸிலிருந்து.

மறுநாள் சார்ட்டில் வரைந்தோம். ஒரு படம் என்றால் இரண்டு பேர் என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. கருவாட்டுக்கு மூன்று பேர், அதனால் ஒன்றரை படம். அரை மீனில் தலையை வரைவதா வாலை வரைவதா என்று அடிதடி. “பாதி போட்டா ஒரு ஆள்டா, அவ்ளோதான்!” என்று நான் கத்தியது அடுத்த வகுப்பு வரை கேட்டிருக்கும். கடைசியில் வாலை வரைந்தார்கள். சுவரில் ஒட்டினேன்.

அடுத்த நாள் காலை ஒரு அப்பா வாசலில் நின்றார். “எங்க வீட்ல முட்டைகூட சேர்க்கறதில்ல மேடம். வகுப்புல போய் இதை மாட்டி வெச்சிருக்கீங்க.”

“படம்தான் சார். யாரும் சாப்பிடச் சொல்லலையே.”

அவர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். பத்து நிமிடத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

“அந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்துடுங்களேன்.”

“மூணு பேர் காணாமப் போயிடுவாங்க மேடம். கூட்டினா இருபத்தொன்பதுதான் வரும்.”

“அப்போ எல்லாத்தையும் எடுத்துட்டுப் பழம் வெச்சுப் பண்ணுங்க. எதுக்கு வம்பு?”

இன்னும் வாதாடியிருக்கலாம். செய்யவில்லை. வகுப்புக்கு வந்து சார்ட்டைக் கழற்றினேன். “ஏன் மிஸ்?” என்று கேட்டவர்களை “சும்மா இருங்க” என்று அதட்டினேன். என்மீது இருந்த எரிச்சலை அவர்கள்மீது கொட்டினேன் என்று அப்போதே தெரிந்தது.

மறுபடியும் துண்டுச் சீட்டு. இந்த முறை பழம். முப்பத்திரண்டில் இருபத்தெட்டு மாம்பழம்! ஒரே வரிசை தாளைத் தாண்டி மேஜைக்கு ஓடும்; மற்ற வரிசைகளில் ஒப்பிட என்ன இருக்கிறது? சீட்டுகளைப் புரட்டியபோது கடைசி பெஞ்சுப் பெண்ணின் எழுத்தைப் பார்த்தேன். அவளும் மாம்பழம்.

அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். “உனக்கு மாம்பழம் ரொம்பப் பிடிக்குமா?”

“பிடிக்காது மிஸ்.”

“அப்புறம் ஏன் எழுதின?”

“எல்லாரும் அதான் எழுதுறாங்க. மிஸ் கழட்டிட மாட்டீங்க இல்ல.”

சீட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். “அந்த சார்ட்டைக் கழட்டினது என் தப்பு. உனக்கு என்ன பிடிக்குமோ அதை எழுது. இதை யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.”

அவள் நெடுநேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு நுங்கு என்று எழுதினாள்.

“நுங்கு பழமே இல்ல மிஸ்!” என்றது முதல் பெஞ்ச்.

“பழம்தான். மரத்துல காய்க்குது இல்ல?” என்று சமாளித்தேன்.

“தேங்காயும்தான் காய்க்குது!”

அவள் முதல் பெஞ்சின் பக்கம் திரும்பினாள். “நீ நுங்கு சாப்ட்டு கீறியா?” என்று கேட்டாள். அந்த வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் வகுப்பு முழுவதும் கேட்டது.

நுங்கு பழமா இல்லையா என்று எனக்கும் சரியாகத் தெரியாது. மணி அடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு போர்டில் நுங்குக்கு ஒரு வரிசை போட்டேன்.