டிரைவர் என்று சொன்ன நாள்

என் மனைவி பிரெஞ்சுப் பேராசிரியர். நான் கன்னியாகுமரியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவள் என் அத்தை மகள். கல்யாணத்துக்குப் பிறகுதான் பட்டத்துக்கு மேல் பட்டமாகப் படித்தாள்.

பிரெஞ்சுக்காரர்களின் தீவுகளுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன தமிழர்களைப் பற்றியது அவளுடைய ஆராய்ச்சி. அவர்களின் வம்சத்தார் இன்று பிரெஞ்சில் கதை எழுதுகிறார்களாம். எதை நினைவில் வைத்தார்கள், எதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தார்கள் என்று அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். எழுதியதையெல்லாம் அடுக்களையில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்வாள். எனக்குப் புரியாத இடத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

போன மாசியில் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் அவள் பேசினாள். "இந்தத் தடவ உள்ள வந்து இருக்கணும், கேட்டியளா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சரி என்றேன்.

வாசலிலேயே அவளை ஆசிரியர்கள் அழைத்துப் போய்விட்டார்கள். வண்டியை நிறுத்திவிட்டு நான் அரங்கத்துக்குப் போனேன். சந்தனத் தட்டோடு நின்ற ஒரு இளம் ஆசிரியை, நீங்கள் யார் என்று கேட்டாள். லாட்ஜ் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது தானாக வந்துவிட்டது.

"மேடத்தோட டிரைவர்."

டிரைவர்களுக்குச் சாப்பாடு பின்னால் கொட்டகையில் என்று அவள் மரியாதையாகவே வழி காட்டினாள். உடனே திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றும் உறுத்துவது அந்த நிம்மதிதான்.

ஒலிபெருக்கியில் அவள் குரல் கொட்டகை வரைக்கும் கேட்டது. "நான் எழுதுறத முதல்ல கேக்கிறது என் வீட்டுக்காரர். இங்கதான் இருக்கார். ஒரு தடவ எந்திச்சு நில்லுங்க."

யாரோ இருமினார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. கொஞ்ச நேரம் பொறுத்து, அவருக்குக் கூச்சம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

பக்கத்தில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த டிரைவர், "எந்தப் பய மக்கா அது? பொண்டாட்டி கூப்பிட்டும் எந்திக்காம முங்கிட்டான்" என்றான்.

நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

பேச்சு முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது அந்த இளம் ஆசிரியை என்னைக் காட்டி, உங்கள் டிரைவர் சாப்பிட்டுவிட்டார் மேடம் என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். சந்தோஷம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

சுசீந்திரம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, முன்னால் வந்து உட்காரச் சொன்னேன்.

"டிரைவர் பக்கத்துல நான் இருக்கது கிடையாது. என் வீட்டுக்காரர் வந்தா சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவள் எழுதுவதை என்னிடம் சொல்வதில்லை. நேற்று நானாகவே அடுக்களைக்குப் போய், அடுத்த பேச்சு எங்கே என்று கேட்டேன். மதுரை என்றாள். இந்தத் தடவை உள்ளே வந்து உட்காருகிறேன் என்றேன்.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருன்னு கேட்டா என்ன சொல்லுவிய?"

சொல்ல வாயெடுத்தேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.