ஏழு கட்டத்துச் சொல்

கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டேதான் மகாலிங்கம் பிறர் பேச்சைக் கேட்பார். எதிரே நிற்பவர் வாய்தவறி ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் போதும், அதில் எத்தனை எழுத்து என்று விரல் கணக்குப் போட்டுவிடும். ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர், மலேரியா கூடிவிட்டது, குவினைன் தீர்ந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தார். மகாலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீரோ காணும், வருத்தமும் ஏழெழுத்து, மருந்தும் ஏழெழுத்து! ஆண்டவன் எவ்வளவு வடிவாச் செய்து வைச்சிருக்கிறார்!" டிரஸர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மலாயாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். எந்த வெயிலுக்கும் ஒன்றைக்கூடக் கழற்றமாட்டார். சலாவுதீன் கடைக்குப் போனால் தகர டப்பாக்களின் லேபிள்களை ஒன்று விடாமல் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். "கிராணியாரே, டப்பாவப் படிச்சிட்டு வெக்கிற ஒரே ஆளு நீங்கதான். ஒண்ணு ரெண்ட வாங்கியும் படிக்கலாம்ல!" என்பார் சலாவுதீன்.

இத்தனையும் குறுக்கெழுத்துப் போட்டிக்காக. சனிக்கிழமைதோறும் தபால் பையில், தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் ஆங்கிலப் பத்திரிகை வரும். பையைப் பிரிப்பவர் மகாலிங்கம். துரை தோட்டத்தைச் சுற்றிவிட்டு ஆபீசுக்கு வருவதற்குள், கட்டங்களை ஒரு தாளில் படியெடுத்து, நிரப்பி, இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, பத்திரிகையைப் பழையபடி மடித்து வைத்துவிடுவார். அச்சாபீஸ்காரன் மடித்ததைவிட நேர்த்தியாக இருக்கும்.

நிரப்பியதை வெளியே சொல்லும் துணிச்சல் மட்டும் அவருக்கில்லை. இவருக்கு முன்பிருந்த அமிர்தலிங்கம் என்ற கிராணி, துரை திணறிய சொல் ஒன்றை எட்டிப் பார்த்துப் பட்டென்று சொல்லிவிட்டார். மறு வாரமே அவரைக் காட்டோரத்து டிவிசனுக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கே அவருக்குத் துணை ரத்தம் உறிஞ்சும் அட்டைகள்தாம்.

துரைக்கும் ஒரு பழக்கம் உண்டு. கட்டம் நிரம்பாதவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே லீவு கேட்க வருகிறவர்கள் முதலில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜுவிடம், "கட்டம் முடிஞ்சிருச்சாலா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பால்வெட்டுக்காரி வள்ளியம்மாவுக்கு வந்தது சோதனை. திங்கட்கிழமை புக்கிட் பெலண்டோக்கில் அவள் மகள் பஞ்சாலைக்குக் கல்யாணம். மூன்று நாள் லீவு வேண்டும். கேட்காமல் போனால் பேர்வெட்டு. வேலையோடு வீடும் போய்விடும். துரையோ ஒரே ஒரு சொல்லில் சிக்கிக் கிடந்தார். 'பகலில் தூங்குவான், இரவில் குடிப்பான்' என்பது குறிப்பு. ஏழு கட்டம். இரண்டாவது எழுத்து ஏ, நாலாவது டி, கடைசி என். துரை கேப்டன் என்று எழுதினார், அழித்தார், மறுபடியும் கேப்டன் என்றே எழுதினார். அவர் வந்த கப்பலின் கேப்டன் அப்படிப்பட்ட ஆளாம். ஆனால் மேலிருந்து கீழே போகும் சொல், முதல் எழுத்து எல்தான் என்று அடம்பிடித்தது.

விடை லேன்டர்ன், அதாவது லாந்தர் விளக்கு என்பது மகாலிங்கத்துக்குக் காலையிலேயே தெரியும். முதலில் ஒரு லாந்தரை ஏற்றித் துரையின் மேசைமேல் வைத்துப் பார்த்தார். நடுப்பகலில் விளக்கு எதற்கு என்று கத்தி, துரை அதை அணைத்தார். அடுத்து, 'லாந்தர் ஒரு டஜன்' என்று கொட்டை எழுத்தில் சாமான் பட்டியல் எழுதி நீட்டினார். வீண்செலவு என்று துரை குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

வாசலில் வள்ளியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "இன்னைக்குக் கையெழுத்து ஆவலன்னா, எம்புள்ள கழுத்துல தாலி ஏறுறத நான் பாக்க முடியாது ஐயா."

மகாலிங்கமும் நாலு பெண்களைப் பெற்றவர். காட்டோரத்து டிவிசனும் கண்முன் வந்து போயிற்று. அவளைத் தூணோரம் கூப்பிட்டார்.

"நான் சொல்லுறதைக் கேள் பிள்ளை. லீவைப் பற்றி வாய் திறக்காதை. கலியாண வீட்டுக்கு ஒரு லாந்தர் தாங்கோ எண்டு துரையிட்டக் கேள். விடாமல் கேள்."

"லாந்தர் எங்க வீட்டுல ரெண்டு கெடக்குலா ஐயா."

"கிடக்கட்டும். நீ கேள்!"

அவளும் போய்க் கும்பிட்டு நின்றாள். "ஒரு லாந்தர் குடுங்க தொரை. எங்க வீட்டு லாந்தர் ராவெல்லாம் எண்ணெயக் குடிக்குது தொரை. ஆபீஸ் லாந்தர் ஒண்ணு குடுங்க தொரை." தோட்டத்துத் தமிழ் துரைக்கு நன்றாகவே புரியும். விரட்டுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது. உதடுகள் அசைந்தன. மறுகணம் மேசையை ஓங்கிக் குத்தினார்.

"மகாலிங்கம்! பிடித்துவிட்டேன்!" என்று ஆங்கிலத்தில் கூவினார் துரை. "இதெல்லாம் இங்கிலாந்தில் பிறந்தவனுக்குத்தான் பிடிபடும். லாந்தர்! உனக்குத் தோன்றியிருக்குமா?"

தோன்றியே இராது என்று மகாலிங்கம் தலையை ஆட்டினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து விரித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். துரை சொல்லச் சொல்ல, எல், ஏ, என் என்று வலக்கை மெதுவாக எழுதியது; இடக்கை வள்ளியம்மாவின் லீவுத் தாளைத் துரையின் பேனா முனைவரை நகர்த்தியது.